தண்ணிச் சட்டிதான் தரையைக் கெடுக்கிறது

கேள்வி: தோட்டத்தில் பெருவிடை, சிறுவிடை என்று பெரிசும் சிறிசுமான நாட்டுக்கோழி கலந்து 30 கோழிக்குக் கொட்டகை போடுகிறோம். சிமென்ட் தளமா, மண்தரையே போதுமா, இல்லை நாமக்கல் பண்ணை மாதிரி கம்பிவலை அடிக்கலாமா? தண்ணிக்கு நிப்பிள் (கோழி அலகால் தட்டினால் சொட்டுகிற குழாய்முனை) போடச் சொல்கிறார் கடைக்காரர். எங்கள் அப்பத்தா பழைய சட்டியே போதும் என்கிறார்.
- வாசகி, காங்கேயம்

பதில்: தளத்தைப் பிறகு பார்ப்போம் அம்மணி, முதலில் சட்டிக்கு வருகிறேன். நானும் முதல் தடவை 40 குஞ்சுக்கு அகலமான சட்டியில்தான் தண்ணி வைத்தேன். ஏறி நின்று கிண்டிக் கொட்டி, சட்டியைச் சுற்றி இரண்டடிக்குத் தரையில் போட்ட உமி களியாகிக் கிடந்தது, நானும் காய்ந்துவிடும் என்று விட்டுவிட்டேன். நாலாவது வாரம் எச்சத்தில் ரத்தம். மூன்றே நாளில் 11 குஞ்சு போச்சு. ரத்தக்கழிச்சல் கிருமியின் முட்டை எச்சத்தோடு விழுந்தவுடனே தொற்றாது, ஈரமும் சூடும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் பக்குவமாகிவிடும். களியாகக் கிடந்த அந்த இரண்டடிதான் அதற்கு நாற்றங்கால்.

அதனால் நிப்பிளே போடுங்கள். பத்துக் கோழிக்கு ஒன்று, உங்களுக்கு மூன்று போதும், ஒன்று அடைத்துக்கொண்டாலும் சமாளிக்க நாலாக வையுங்கள். கோழி கழுத்தை நீட்டி அண்ணாந்து குடிக்கிற உயரம் இருக்க வேண்டும். தாழ வைத்தால் பக்கவாட்டில் இடித்து இடித்துச் சொட்டும். மேல்தொட்டிக் குழாயை நேராகக் கொடுத்துவிடாதீர்கள், அந்த அழுத்தத்துக்கு ஒழுகும், மூடி போட்ட 20 லிட்டர் பக்கெட்டைக் கொஞ்சம் உயரத்தில் தொங்கவிட்டாலே போதும். உங்கள் பக்கம் போர் தண்ணி உப்பு அதிகம் என்றால் நிப்பிளில் வெள்ளையாகப் படிந்து அடைக்கும், அவ்வப்போது கழற்றி ராத்திரி வினிகரில் ஊறப்போட்டுக் கழுவுங்கள். அப்புறம் பக்கெட்டும் குழாயும் நிழலில் இருக்கட்டும். சித்திரை வெயிலில் தண்ணி கொதித்துக் கிடந்தால் கோழி குடிக்காது, அது குடிக்க வேண்டியதே அப்போதுதான்.

அப்பத்தா சொல்வதையும் தள்ள வேண்டாம். பகலில் வெளியே மேயும்போது வேப்பமரத்தடியில் சட்டி இருக்கட்டும், தினம் கழுவி ஊற்றினால் சரி. கொட்டகைக்குள் மட்டும் வேண்டாம்.

இனி தரை. கம்பிவலை வேண்டாம். நாமக்கல்லில் கம்பிமேல் நிற்பது முட்டைக்கென்றே வளர்க்கிற லேசான கோழி, அங்கே முட்டை உருண்டு வர வேண்டும் என்பதற்காகச் சரிவாக அடித்திருக்கிறார்கள். உங்கள் பெருவிடைச் சேவல் பரணிலிருந்து கம்பிமேல் தொப்பென்று குதித்தால் பாதம் புண்ணாகி, சீழ் கோத்து நொண்டும். மண்தரை செலவில்லாததுதான், ஆனால் பெருச்சாளி வளை தோண்டும், அந்த வளை வழியாகப் பாம்பும் வரும். கையில் காசிருந்தால் தரைமட்டத்துக்கு ஓரடி மேலே சிமென்ட் தளம், வாசல் பக்கம் லேசாகச் சரிவு, அவ்வளவுதான். கோழிக்கு இரண்டு சதுர அடி என்று வைத்தால் ஆறுக்குப் பத்து கொட்டகை.

சிமென்ட்டை வெறுமனே விடக் கூடாது. மேலே இரண்டு மூன்று அங்குலம் உமி போடுங்கள், காங்கேயத்தில் அரிசி ஆலைக்கா பஞ்சம்? கடலைத்தோலும் நல்லதுதான், பூசணம் பிடித்ததாக மட்டும் இருக்கக் கூடாது. வாரம் ஒருமுறை கிளறிவிட்டு, ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி. கொழுக்கட்டை மாதிரி நின்றால் ஈரம், அந்த இடத்தை அள்ளிவிட்டுப் புதுசு போடுங்கள்.

கேள்வி: பொள்ளாச்சியில் தேங்காய் நார்க்கழிவு சும்மாவே கிடைக்கிறது. போடலாமா?
- வாசகர், கிணத்துக்கடவு

பதில்: நன்றாக உலர்த்திப் போடலாம், ஈரத்தை உமியைவிட அதிகமாகவே இழுக்கும். ரொம்பக் காய்ந்தால் தூசி பறந்து கோழி தும்மும். நான் பாதிக்குப் பாதி உமி கலந்துதான் போடுகிறேன்.

கேள்வி: வெள்ளைக்கழிச்சல் (ராணிகேட் நோய்) தடுப்பு மருந்தை நிப்பிள் பக்கெட்டிலேயே கலந்துவிடலாமா?
- வாசகர், பல்லடம்

பதில்: குளோரின், வினிகர் வாசமே இல்லாமல் கழுவிய பக்கெட் என்றால் கலக்கலாம். ஆனால் வீட்டுக் கோழிக்கு அன்று ஒருநாள் சட்டிதான் வசதி, எது குடித்தது எது குடிக்கவில்லை என்று கண்ணால் பார்த்துவிடலாம். ஒரு மணி நேரம் தண்ணி காட்டாமல் வைத்து, கொழுப்பெடுத்த பால்பவுடர் கொஞ்சம் கரைத்த தண்ணியில் மருந்தைக் கலந்து கொடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் காலியாகிற அளவுக்கு மட்டும் கலக்குங்கள்.