கண்டி மாதிரி மலைநாட்டு நகரங்களில் சாப்பாடு டெலிவரி செய்பவர்களின் ஸ்கூட்டி, மொப்பட்டுகளுக்குத் தனிக் கட்டுப்பாடு தேவையா?

தேவை. ஆனால் கேள்விக்குக் கீழே நீங்கள் காரணமாக எழுதியிருப்பது, அதாவது "கண்மண் தெரியாமல் ஓடுகிறார்கள், பாதிப் பேருக்கு லைசனே இருக்காது" என்பது எனக்குச் சுருக்கென்று பட்டது. அநேகமாக எங்களில் ஒருவன் உங்கள் காருக்கு இடப்பக்கமாக நுழைந்து போயிருப்பான். கோபம் நியாயம்தான். நான் புசல்லாவைப் பக்கத் தேயிலைத் தோட்டத்துப் பையன், கண்டியில் இந்த வேலைதான் செய்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

லைசன் கதையை முதலில் முடித்துவிடலாம். இலங்கையில் 100 சிசி வரைக்குமான பைக்குக்கு ஏ1 வகை லைசன், அதற்கு மேல் ஏ வகை. நாங்கள் அதிகம் ஓட்டும் ஸ்கூட்டிகள் 110 சிசி. ஆக, பெரிய பைக்குக்கு என்ன லைசனோ அதேதான் எங்களுக்கும். ரெவனியூ லைசன் (வண்டிக்கு வருஷா வருஷம் எடுக்கும் அனுமதி), புகைச் சோதனை, இன்சூரன்ஸ் வேறு. ஒன்று குறைந்தாலும் தண்டம்தான். அதைக் கட்டி முடிப்பதற்குள் அன்றைய உழைப்பு போய்விடும்.

ஆக, லைசனுக்குச் சட்டம் இருக்கிறது; இல்லாதது வேறு சட்டம். போன வருஷ மழைக்காலத்தில் ஓர் இரவு ஹந்தானைப் பாதையில் மேலே ஒரு வீட்டுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு இறங்குகிறேன். தேயிலை மியூசியத்துக்குப் போகிற அதே செங்குத்துப் பாதை. அதற்குள் ஃபோனில் அடுத்த ஓடர் வந்து நேரம் ஓடத் தொடங்கிவிட்டது. கியர் பைக் என்றால் கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வண்டியைப் பிடித்து இறக்கலாம். ஸ்கூட்டியில் அந்த வசதி இல்லை, இறக்கம் முழுக்க பிரேக்கைத்தான் நம்ப வேண்டும். டிரம் பிரேக்கை விடாமல் பிடித்தால் சூடேறிப் பிடிமானம் போய்விடும். முதலில் கருகிய வாசம் வந்தது. பிறகு லீவர் கைப்பிடியோடு ஒட்டுகிற அளவுக்கு வந்தும் வண்டி நிற்கவில்லை. வளைவில் ஒரு வேன் ஏறி வந்தது. மண்மேட்டுப் பக்கமாகச் சாய்த்து விழுந்தேன். தோள் எலும்பு முறிந்தது. வண்டியைப் பராமரிக்காமல் ஓட்டியிருப்பான் என்று யாராவது எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: பிரேக் ஷூ மாற்றிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, கராஜ் பில்லும் கையில் இருந்தது.

இன்சூரன்ஸ்காரர் கேட்ட முதல் கேள்வியே, "சாப்பாட்டுப் பெட்டி கட்டியிருந்ததா?" என்பதுதான். ஆமாம் என்றேன். சொந்தப் பாவனைக்கு எடுத்த பொலிசியில் காசுக்கு ஓடியிருக்கிறீர்கள் என்று கையை விரித்துவிட்டார்கள். ஓடர் கொடுத்த நிறுவனமோ, நீங்கள் எங்கள் ஊழியர் இல்லை, சுயதொழில் செய்பவர் என்றது. எலும்பு கூடும்வரை அம்மா கொழுந்து பறித்த சம்பளத்தில்தான் சாப்பிட்டேன்.

அந்த இன்சூரன்ஸ் கடிதம்கூட தோட்ட ஆபீஸில் கிடந்து, பதில் போட வேண்டிய திகதி போன பிறகுதான் என் கைக்கு வந்தது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் மனசு ஆறவில்லை. மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 வருஷம் ஆனதை நினைவுகூர்ந்து, 2023 இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். ஆனால் எங்கள் லயத்துக் காம்பராவுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் எங்கள் அறைக்கு, இன்னும் ஒரு வீட்டு இலக்கம் கிடையாது. வங்கியில், பொலிஸில், எங்கே போனாலும் விலாசம் என்ற இடத்தில் தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதிவிட்டு நிற்க வேண்டியிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒன்-வேயில் எதிராக வருகிறவனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அவனுக்குத் தாராளமாகத் தண்டம் எழுதுங்கள். ஆனால் தனி நிற நம்பர் பிளேட், ஸ்டிக்கர் என்று கொண்டுவந்தால் எங்களை மறித்து நிறுத்துவதுதான் சுலபமாகும், பிரேக் பிடிக்காது. 2022 இல் பெற்றோல் தட்டுப்பாட்டின்போது கியூஆர் குறியீட்டைக் காட்டி வாங்கும் பங்கீடு தொடங்கியபோது மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் வாரம் 4 லீற்றர்தான். நாள் முழுக்க ஓடர் ஓடுகிறவனுக்கும் அவ்வளவுதான், ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகிறவனுக்கும் அவ்வளவுதான். தண்டம் எழுத மட்டும் எங்களைத் தனியாகப் பிரிப்பது என்ன நியாயம்?

கட்டுப்பாடு நிறுவனத்தின் மேல் வரட்டும். ஓடருக்கு நேரம் குறிக்கும்போது ஏற்ற இறக்கத்தையும் மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஓடர் கையில் இருக்கும் நேரத்துக்கும், அடுத்த ஓடருக்காக இறங்கி வருகிற நேரத்துக்கும் இன்சூரன்ஸை அவர்களே கட்ட வேண்டும். மலைப்பாதையில் ஓடுகிற வண்டிக்கு முன் சில்லில் டிஸ்க் பிரேக் கட்டாயம் என்று சொன்னால் நானே முதல் ஆளாகப் போட்டுக்கொள்வேன், செலவில் பாதியை நிறுவனம் ஏற்றால்.