மருந்துக் கேள்வி பதில்: அந்த டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள்

(பதில் சொல்பவர் பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் மருந்து ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: ஐயா, என் அப்பாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. மாடு வாங்கப் பொய்கை சந்தைக்குப் போனவர், வேனில் மைக் கட்டிக்கொண்டு விற்ற ஒருவரிடம் பொடி வாங்கி வந்தார். ‘மூலிகைச் சூரணம். 48 நாளில் சர்க்கரை அடியோடு ஒழியும். பக்க விளைவு கிடையாது’ என்று டப்பாவில் ஒட்டியிருக்கிறது. கீழே ஒரு செல் நம்பர், அவ்வளவுதான். ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்திவிட்டார். நேற்று உடம்பெல்லாம் வியர்த்துக் கொல்லையிலேயே மயங்கி உட்கார்ந்துவிட்டார். யாரிடம் போய்ச் சொல்வது?
– ஜெ., குடியாத்தம்

பதில்: தம்பி, புகார் அப்புறம். முதலில் அப்பாவைப் பாருங்கள். பொடியை இன்றோடு நிறுத்திவிட்டு, டப்பாவையும் பழைய மருந்துச் சீட்டையும் எடுத்துக்கொண்டு இன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். குடியாத்தம் அரசு மருத்துவமனையே போதும், அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டுமென்றால் அவர்களே அனுப்புவார்கள். வியர்த்துக் கொட்டி மயக்கம் வந்தது சர்க்கரை திடீரென்று இறங்கியதால் இருக்கலாம். வெறும் மூலிகை என்று விற்ற பொடிகளில் சர்க்கரையை இறக்கும் கிளிபென்கிளமைடு போன்ற ஆங்கில மருந்தைச் சொல்லாமல் கலந்திருப்பது பரிசோதனையில் பிடிபட்டிருக்கிறது. எவ்வளவு கலந்தான் என்று கலந்தவனுக்கே தெரியாது. பழைய மாத்திரையை எந்த அளவில் திரும்ப ஆரம்பிப்பது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

சரி, இப்போது அந்த லேபிளுக்கு வருவோம். சித்த மருந்தோ ஆயுர்வேத மருந்தோ விற்பவர், என்னென்ன சரக்கு எவ்வளவு சேர்ந்திருக்கிறது, தயாரித்தவர் பெயர், முகவரி, உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி எல்லாம் அச்சிட்டாக வேண்டும். உங்கள் டப்பாவில் இதில் ஒன்றுகூட இல்லை. அதைவிடப் பெரிய குற்றம் அந்த ‘அடியோடு ஒழியும்’. 1954-ஆம் வருஷத்து மருந்துகள், மாய நிவாரணிகள் விளம்பரச் சட்டத்தின் பட்டியலில் சர்க்கரை நோயும் இருக்கிறது. அதைக் குணப்படுத்துவேன் என்று விளம்பரம் செய்யவே கூடாது. விளம்பரம் என்றால் பத்திரிகையில் வருவது மட்டுமில்லை. லேபிள், மேலே சுற்றிய தாள், வாயால் சொல்வது எல்லாமே விளம்பரம் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. ஆக, அந்த மைக் பேச்சும் குற்றம்தான். முதல் தடவை தண்டனை ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம். அதனால் ‘இது எங்கள் வேலை இல்லை’ என்று ஸ்டேஷனில் சொன்னால் இந்தச் சட்டத்தின் 9ஏ பிரிவைக் காட்டுங்கள்.

இதனால்தான் டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள் என்கிறேன். மிச்சப் பொடி உள்ளேயே இருக்கட்டும், லேபிள் கிழியாமல் இருக்கட்டும். நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கிய நாள், இடம், கொடுத்த பணம், வேன் நம்பர் தெரிந்தால் அதையும் ஒரு தாளில் எழுதி, சென்னை அரும்பாக்கத்தில் இருக்கும் இந்திய மருத்துவத் துறைக்குப் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் ஒரு பிரதி கொடுங்கள். டப்பாவை மட்டும் தபாலில் போடாதீர்கள், உங்களிடமே இருக்கட்டும்.

நீங்கள் காட்டும் டப்பா துப்புதான். வழக்கு நிற்க, விற்பவன் கையிலிருந்து ஆய்வாளர் மாதிரி எடுக்க வேண்டும். சும்மா பறிக்க முடியாது, விலை கொடுத்து எடுக்க வேண்டும். எடுத்ததை அவன் கண்ணெதிரே நான்கு பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கட்டி முத்திரை வைப்போம். விற்பவனும் விரும்பினால் தன் முத்திரையைப் போடலாம். ஒரு பங்கு அவனுக்கே, ஒன்று அரசுப் பகுப்பாய்வாளருக்கு, ஒன்று கோர்ட்டுக்கு, மற்றது தயாரித்தவருக்கு. இதில் ஒரு படி தவறினாலும் எதிர்த்தரப்பு வக்கீல் வழக்கை உடைத்துவிடுவார். செவ்வாய்க்கிழமைதோறும் சந்தை கூடுகிறது. நீங்கள் சீக்கிரம் எழுதினால், அந்த வேன் அடுத்த ஊருக்கு நகர்வதற்குள் ஆள் வரலாம்.

கேள்வி: பொய் லேபிள் மருந்து நம் நாட்டில் மட்டும்தானா? வெளிநாட்டில் எப்படி அடக்கினார்கள்?
– ஆசிரியை, ஆற்காடு

பதில்: அமெரிக்காவும் இதில் நிறைய அடிபட்டது, டீச்சர். 1906-இல் சட்டம் போட்டார்கள். புற்றுநோய் தீரும் என்று மாத்திரை விற்ற ஜான்சன் என்பவரின் வழக்கில், 1911-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், ‘சரக்கைப் பற்றிப் பொய் சொன்னால்தான் குற்றம், குணமாகும் என்ற பேச்சு இதில் வராது’ என்றது. மறுவருஷமே, குணமாகும் என்ற பொய்யும் குற்றம் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனாலும் ஏமாற்றும் எண்ணத்தோடு சொன்னார் என்று அரசு நிரூபிக்க வேண்டியிருந்தது. ‘நான் மனசார நம்பினேன்’ என்று சொல்லித் தப்பிக்க வழி இருந்தது. 1937-இல் எலிக்சிர் சல்ஃபனிலமைடு என்ற திரவ மருந்தைக் குடித்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், பலர் குழந்தைகள். கரைப்பதற்கு டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷத் திரவத்தை ஊற்றியிருந்தார்கள். அதைப் பறிமுதல் செய்ய அரசுக்குக் கிடைத்த ஒரே பிடி என்ன தெரியுமா? எலிக்சிர் என்றால் ஆல்கஹால் இருக்க வேண்டும், இதில் இல்லை, ஆகவே லேபிள் பொய்! அத்தனை உயிர் போன பிறகுதான், 1938-இல், விற்பதற்கு முன்பே பாதுகாப்பைக் காட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது.

இங்கே மருந்துகளைப் பற்றி விசாரிக்க அரசு அமைத்த சோப்ரா குழுவின் விசாரணைக்குப் பிறகு 1940-இல் மருந்துச் சட்டம் வந்தது. சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகள் 1964 திருத்தத்தில்தான் அதற்குள் வந்தன.

கேள்வி: உரிம எண் அச்சிட்டிருந்தால் நம்பி வாங்கலாமா?
– வாசகர், பேரணாம்பட்டு

பதில்: உரிமம் தயாரிப்பதற்குத்தான். ‘சர்க்கரையை ஒழிப்பேன்’ என்று எழுதுவதற்கு யாருக்கும் உரிமம் கிடையாது. எண் உண்மையானதாகவே இருந்தாலும், அந்த வாசகம் இருந்தால் புகார் கொடுங்கள்.