பல கேமரா கார்டுகளை ஒன்றாக ஏற்ற எந்த கார்டு ரீடர் வாங்கலாம்?

கல்யாண வேலை முடிந்து நான்கு எஸ்.டி. கார்டுகளோடு வருகிறீர்கள், ஒவ்வொன்றாகச் செருகி ஏற்றுவதற்குள் விடிந்துவிடுகிறது என்கிறீர்கள். சரி, முதலில் இப்போதுள்ள ரீடரைப் பாருங்கள். யூ.எஸ்.பி. 2.0 என்றால் நொடிக்கு 35 எம்.பி. வருவதே பெரிது, 64 ஜி.பி. நிறைந்த கார்டுக்கு அரை மணி நேரம் போய்விடும். யூ.எஸ்.பி. 3.0 ரீடரில் நொடிக்கு 90 எம்.பி. படிக்கும் கார்டு 12 நிமிடத்தில் முடியும்.

அப்புறம் கார்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் தங்க நிறப் பட்டைகள் இரண்டு வரிசையாக இருந்தால் அது பெரும்பாலும் யூ.எச்.எஸ்-2 என்ற அதிவேக வகை. ரீடரும் அதே வகையாக இல்லாவிட்டால், காசு கொடுத்து வாங்கிய வேகம் வீண்.

பலர் ஏமாறுவது துளைகளின் எண்ணிக்கையில்தான். மலிவான சில ரீடர்களில் நாலு துளை இருக்கும், ஆனால் ஒரு நேரத்தில் ஒரு கார்டைத்தான் படிக்கும். வாங்கும்போதே இரண்டு கார்டுகளைச் செருகி, கணினியில் இரண்டும் தனித்தனி டிரைவாகத் தெரிகின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால், நல்ல ஒற்றை ரீடர்கள் இரண்டு வாங்கி, கணினியின் இரண்டு போர்ட்டுகளில் நேரடியாகச் செருகுங்கள். ஒன்று பழுதானாலும் மற்றொன்று கைகொடுக்கும். ஏற்றி முடித்ததும் கோப்புகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டு, சில படங்களைத் திறந்து பார்க்காமல் எந்த கார்டையும் அழித்துவிடாதீர்கள்.