பெங்களூரில் வடக்கு ஜன்னல் மட்டும் உள்ள ஹாலுக்கு இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் பொருந்துமா?

பொருந்தும். ஆனால் எந்த இளஞ்சிவப்பு என்பதில் கவனம் வேண்டும். வடக்கு ஜன்னலில் வருவது பெரும்பாலும் நேர் வெயில் அல்ல, வானத்தின் நீலம் கலந்த வெளிச்சம். நீலச் சாயல் உள்ள ரோஸ் நிறம் அதில் சாம்பல் பூத்தாற்போல் தெரியும் என்பதால், மஞ்சள் கலந்த பீச் அல்லது வெளிறிய செங்கல் நிறத்தின் பக்கம் போவதே நல்லது. பெங்களூரில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் அது வடக்கே நிற்பதால், உங்கள் ஜன்னலிலும் வெயில் எட்டிப் பார்க்கும். மே மாதத்து வெளிச்சத்தில் பார்த்து மயங்கி எடுத்த நிறம் டிசம்பரில் சோர்ந்து கிடக்கும்.

ஆரஞ்சை ஒரே சுவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதுவும் சோபாவுக்குப் பின்னால் இருக்கும் சுவராக இருக்கட்டும். கனகாம்பரத்தைச் சரமாகத் தலையில் பார்ப்பது வேறு, பத்தடிச் சுவராக நாள் முழுவதும் எதிரில் பார்த்துக்கொண்டிருப்பது வேறு. நான்கு சுவர்களும் ஒன்றின் நிறத்தை இன்னொன்றின் மேல் வீசுவதால், ஷேட் கார்டில் பிடித்ததைவிட ஒன்றிரண்டு படி வெளிறியதையே எடுக்க வேண்டும். தரையும் இதில் சேர்த்திதான். அல்சூரில் நான் குடியிருக்கும் பழைய வீட்டின் தரை ரெட் ஆக்சைடு. வெயில் விழும் நேரத்தில் வெள்ளைச் சுவரின் கீழ்ப்பகுதி மட்டும் முழங்கால் உயரத்துக்குச் சிவந்து நிற்கும். அத்தகைய தரைக்கு நான் இளஞ்சிவப்பைப் பரிந்துரைக்கவே மாட்டேன்.

சிறிய சாம்பிள் டப்பா வாங்கி, பெரிய சார்ட் அட்டையில் ஓரத்தில் வெள்ளை விட்டு இரண்டு கோட் அடித்துக் காயவிட்டு, அதைச் சுவர் சுவராக மாற்றி வைத்துக் காலையிலும் மாலையிலும் இரவு விளக்கிலும் பாருங்கள். பல வீடுகளில் இருப்பது 6500 கெல்வின் (விளக்கொளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) வெள்ளை எல்.இ.டி. டியூப், அதன் கீழ் பீச் நிறம் உயிரற்றுப் போகும், 2700 முதல் 3000 கெல்வின் வரையுள்ள வாம் ஒயிட் விளக்கில் அதே சுவர் மலர்ந்து தெரியும். எண் விளக்கின் பெட்டியிலேயே இருக்கும்.

அடர்ந்த ஆரஞ்சுக்கு அடிச்சுவரை மறைக்கும் திறன் குறைவு, இரண்டு கோட்டில் திட்டுத் திட்டாகத் தெரியலாம். எத்தனை கோட் என்பதையும், நிறம் கலந்த பிரைமர் அடிப்பாரா என்பதையும் பெயிண்டரிடம் கூலி பேசும்போதே கேட்டுவிடுங்கள்.

வீடு பழையது என்றால், கதவிலோ சுவரிலோ முன்பு அடித்த மஞ்சள், ஆரஞ்சு எனாமலை உலர்வாகத் தேய்க்க விடாதீர்கள். அந்த நிறங்களில் நச்சான ஈய நிறமி கலப்பது வழக்கமாக இருந்தது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. தண்ணீர் விட்டு ஈரமாகத் தேய்க்கச் சொல்லுங்கள், அந்த வேலை முடியும்வரை குழந்தைகளை அந்த அறைக்குள் விட வேண்டாம்.