இரண்டு விரல் அளவு எங்கிருந்து வந்தது?

கேள்வி: எங்கள் பங்கில் இளம்பெண்கள் ஜீன்ஸ், லெக்கிங்ஸ், துப்பட்டா இல்லாத சுடிதார் என்று திருப்பலிக்கு வருகிறார்கள். ‘தொண்டைக்குழிக்குக் கீழே இரண்டு விரல், முழங்கை வரை கை, முழங்காலுக்குக் கீழே பாவாடை’ என்பதே வத்திக்கான் விதி என்று அமெரிக்காவில் உள்ள மரபுவழிக் கத்தோலிக்கர்களின் வீடியோவில் பார்த்தேன். கல்லூரியில் படிக்கும் என் மகளை அப்படித்தான் உடுத்தச் சொல்கிறேன்; முக்காடும் போடச் சொல்கிறேன். அவள் இப்போது கோயிலுக்கு வரவே மறுக்கிறாள். இந்த அளவை அச்சிட்டுக் கோயில் வாசலில் ஒட்டினால் என்ன? மீறுபவர்களுக்கு நற்கருணை கொடுக்கலாமா?
— ஒரு வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: ஒட்ட வேண்டாம். யாருக்கும் நற்கருணையை மறுக்கச் சொல்லிப் பங்குத்தந்தையைக் கேட்கவும் வேண்டாம். உங்கள் கேள்வியில் எனக்குப் பெரிதாகப் படுவது உங்கள் மகள் கோயிலுக்கு வர மறுப்பதுதான். நீங்கள் அதை ஒரே வரியில் சொல்லிவிட்டு வாசலில் ஒட்டும் தாளுக்குப் போய்விட்டீர்கள்.

முதலில் அந்த அளவு. 1928-இல், திருத்தந்தை பதினோராம் பயஸ் சார்பில் ரோம் மறைமாவட்டத்தை நிர்வகித்தவர் கர்தினால் பசிலியோ பொம்பிலி. கன்னியர் நடத்திய பெண்கள் பள்ளிகளை மனத்தில் வைத்து அவர் எழுதிய மடலில்தான் இரண்டு விரல், முழங்கை, முழங்கால் எல்லாம் வருகின்றன. அது ஒரு மறைமாவட்டத்துக்கு, அந்தக் காலத்து ஐரோப்பிய கவுன்களைப் பார்த்துச் சொன்னது. பிறகு அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பெர்னார்டு குங்கல் என்ற குரு, ‘மரியன்னையைப் போல’ உடுத்தும் இயக்கம் ஒன்றை நடத்தி, இந்த அளவுகளைத் துண்டுப்பிரசுரமாகப் பரப்பினார். கடைகளில் அப்படிப்பட்ட உடை கிடைக்கவில்லை என்பதால், குட்டைக் கையைத் தற்காலிகமாகப் பொறுத்துக்கொள்ளலாம் என்று அந்தப் பிரசுரமே விலக்கும் கொடுத்தது. இன்று உங்கள் கைபேசிக்கு வந்திருப்பது அந்தப் பிரசுரத்தின் வழித்தோன்றல். உலகத் திருச்சபை முழுவதற்குமான சட்டம் அல்ல.

1930 ஜனவரியில் வத்திக்கான் பேராயம் ஒன்று எல்லா நாட்டு ஆயர்களுக்கும் ஓர் அறிவுரை அனுப்பியது உண்மை. அடக்கமற்ற உடையில் வருபவர்களுக்கு நற்கருணை கொடுக்கக் கூடாது, அவர்கள் திருமுழுக்கில் ஞானத்தாயாக நிற்கக் கூடாது என்று அது கண்டிப்பாகவே சொன்னது. அதை மறைப்பது நேர்மையல்ல. ஆனால் அதில் ஒரு விரல் அளவுகூடக் கிடையாது. தவிர, பொது உடற்பயிற்சி விளையாட்டுகளிலிருந்தும் போட்டிகளிலிருந்தும் மகள்களை விலக்கி வையுங்கள் என்று பெற்றோருக்கு அதே அறிவுரை சொல்கிறது. அதன்படி நம் பள்ளிகளில் விளையாட்டு விழாவே நடத்த முடியாது. நம் துறவற சகோதரிகள் நடத்தும் பள்ளிகளிலேயே பெண்கள் ஓடுகிறார்கள், கோப்பை வாங்குகிறார்கள். யாரும் அதைப் பாவமாக எண்ணவில்லை, எண்ணவும் கூடாது.

இன்று நடைமுறையில் இருப்பது 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு. உரிய நேரத்தில் கேட்பவர், தக்க மனநிலையில் இருப்பவர், சட்டம் தடுக்காதவர் — இவருக்கு நற்கருணை போன்ற அருளடையாளத்தை மறுக்க முடியாது என்கிறது 843-ஆம் விதி. பெண்கள் தலையை மூடி வர வேண்டும் என்று 1917-ஆம் ஆண்டுத் தொகுப்பில் இருந்த விதி இதில் இல்லை. விரும்பி முக்காடிடும் பெண்களை நான் மதிக்கிறேன். லத்தீன் திருப்பலியை நேசிக்கும் குடும்பங்களில் அதை அன்போடு செய்பவர்கள் பலர். நம் பாட்டிமார் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டு முழந்தாளிட்டதும் அப்படித்தான். ஆனால் கட்டாயப்படுத்திப் போடவைத்தால் அது செபமாகாது.

அந்த அளவை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். சேலை ரவிக்கையின் கை பெரும்பாலும் முழங்கைக்கு வருவதில்லை. இடுப்பில் ஒரு பகுதி தெரியும். இரண்டு விரல் விதிப்படி, வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் பெண்களில் பெரும்பாலோர் தகாத உடையில் போகிறார்கள் என்று ஆகிவிடும். நீங்கள் குறை சொல்லும் பெண்ணோ முழங்கால் வரை தொங்கும் குர்தாவும் ஜீன்சும் போட்டு அவர்களைவிட அதிகமாகவே மூடியிருப்பாள். அடக்கத்தின் வடிவம் ஒவ்வொரு பண்பாட்டிலும் வேறுபடும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2524) சொல்வது இதனால்தான். எல்லா இடத்திலும் அடக்கம் என்ற ஒன்று உண்டு என்பதையும் அதே பத்தி சொல்கிறது.

பழங்காலத்துத் திருச்சபை இப்படிப் பேசியதில்லை என்பீர்களோ? பல்கேரிய மன்னர் போரிஸ் புதிதாகக் கிறிஸ்தவராகி, நூற்றுக்கும் மேற்பட்ட சந்தேகங்களை ரோமுக்கு எழுதிக் கேட்டார். 866-இல் திருத்தந்தை முதலாம் நிக்கோலாஸ் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார். அதில் ஒன்று கால்சட்டை பற்றியது. நீங்களோ உங்கள் பெண்களோ கால்சட்டை அணிவதும் அணியாததும் மீட்புக்குத் தடையும் இல்லை, புண்ணியத்தைக் கூட்டுவதும் இல்லை என்பதுதான் அவர் பதில். ஜீன்ஸ் பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பதில் அது. மரபு என்றால் அந்தக் கடிதமும் மரபுதான்.

சரி, அப்படியென்றால் எதையும் உடுத்தலாமா? இல்லை. உடலைக் காட்டிப் பிறர் பார்வையை இழுப்பதற்கென்றே உடுத்துவது பலிபீடத்துக்கு முன் மட்டுமல்ல, எங்கேயும் சரியல்ல. ஆனால் அடக்கத்தைப் பற்றிப் பவுல் திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் மடலின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். அடக்கமாக உடுத்தட்டும் என்று சொன்ன கையோடு அவர் வேண்டாம் என்று ஒதுக்குவது எவற்றை? சடைப் பின்னலை, தங்கத்தை, முத்தை, விலையுயர்ந்த ஆடையை. கை நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

உங்கள் மாவட்டத்துத் திருமணங்களை நானும் பார்த்திருக்கிறேன். மணமகளின் கழுத்திலிருந்து இடுப்பு வரை தங்கம். எத்தனை சவரன் என்று பந்தியில் பேச்சு. அந்த நகைக்காகக் கடன்பட்ட அப்பா முன்வரிசையில் நிற்கிறார். திருவிழாத் திருப்பலிக்குக் கட்டிக்கொள்ள நல்ல சேலை இல்லை என்று பின்வாசலோடு நின்றுவிடும் பெண்கள் ஒவ்வொரு பங்கிலும் இருக்கிறார்கள். பொன் மோதிரம் போட்டவருக்கு நல்ல இடம், அழுக்கு உடை உடுத்திய ஏழைக்குக் கால்மாட்டில் இடம் என்று யாக்கோபு தம் மடலில் கொதித்தது இதைப் பார்த்துத்தான். விவிலியம் பெயர் சொல்லிக் கண்டிக்கும் இந்த அடக்கக்கேட்டுக்கு எதிராக எந்தக் கோயில் வாசலிலும் நான் ஒரு தாளைப் பார்த்ததில்லை. வருத்தமாக இருக்கிறது.

அப்புறம், நீங்கள் ஆண்களைப் பற்றிக் கேட்கவே இல்லை. பெண்ணைத் தவறாகப் பார்ப்பவனிடம் ஆண்டவர், அவள் உடையை மாற்றச் சொல் என்று சொல்லவில்லை. உன் கண் உனக்கு இடறலாக இருந்தால் அதைப் பிடுங்கி எறி என்றார். திருப்பலி நேரத்தில் உங்கள் கண் யார் உடை மீது போகிறது, ஏன் போகிறது என்பதையும் செபத்தில் ஆண்டவரிடம் கேளுங்கள். இதைக் குத்தலாகச் சொல்லவில்லை. ஆண்கள் எல்லோரும் கேட்க வேண்டியது இது.

உங்கள் மண்ணின் கதையும் ஒன்று உண்டு. தோள்சீலை அணிந்ததற்காகத் தென் திருவிதாங்கூரில் நாடார் கிறிஸ்தவப் பெண்களை ஆதிக்கச் சாதியார் அடித்தார்கள், சீலையைக் கிழித்தார்கள். பல பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பின், 1859-இல்தான் மகாராஜாவின் அறிவிப்பு அவர்களுக்கு மார்பை மூட அனுமதி கொடுத்தது. அந்தப் பெண்களில் பெரும்பாலோர் லண்டன் மிஷன் சபையினர், கத்தோலிக்கர் அல்லர். ஆனாலும் சொல்கிறேன்: ஒரு பெண் என்ன உடுத்தலாம் என்பதை அவளைக் கேட்காமல் மற்றவர்கள் முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் மாவட்டத்துக்கு வெளியிலிருந்து யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

மகளிடம் அந்த வீடியோவைக் காட்டியது போதும். ‘நான் போட்ட விதி திருச்சபை விதி இல்லையாம்மா’ என்று அவளிடம் சொல்லிவிடுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை எதை உடுத்துவது என்பதை அவளே முடிவு செய்யட்டும். எது பொருத்தம், ஏன் என்று அவள் அம்மாவோடு பேசட்டும். பங்குப் பேரவையில் உடை பற்றிப் பேசித்தான் ஆக வேண்டும் என்றால், மறைக்கல்வி ஆசிரியைகளையும் இளம்பெண்களையும் அழைத்து வைத்துப் பேசுங்கள். அந்தக் கூட்டத்தில் முதல் பொருளாகத் திருமண நகையை வையுங்கள்.