இந்த வருடமே ட்ரைஅவுட்டுக்கு அனுப்ப வேண்டுமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் இருக்கிறோம். மகள் 2014 அக்டோபரில் பிறந்தவள், ஐந்தாம் வகுப்பு. மூன்று வருடமாக டவுன் டிராவல் டீமில், அதாவது பக்கத்து ஊர்களோடு போய் ஆடும் எங்கள் ஊர் டீமில், சாக்கர் ஆடுகிறாள். வரும் 2026–27 சீசனுக்கு அவளை ஈ.சி.என்.எல். என்ற நாடளாவிய உயர்மட்ட யூத் லீக்கில் ஆடும் கிளப் ஒன்றின் ட்ரைஅவுட்டுக்கு (டீம் தேர்வுக்கு) அனுப்பச் சொல்கிறார், அவளோடு ஆடும் இன்னொரு பெண்ணின் அப்பா. இப்போது விட்டால் பிறகு நுழையவே முடியாது என்கிறார். கிளப்புக்கு 45 நிமிட டிரைவ், வாரம் மூன்று நாள் பயிற்சி. வெள்ளிக்கிழமை பரதம், ஞாயிறு தமிழ்ப் பள்ளி வேறு இருக்கிறது. காலேஜ் ஸ்காலர்ஷிப்புக்கு உதவும் என்று கணவர் நினைக்கிறார். மகளைக் கேட்டால் "தெரியல" என்கிறாள். என்ன செய்யலாம்?

பதில்: எல்லாவற்றுக்கும் முன்னால் அவள் பிறந்த மாதத்தைப் பற்றிப் பேசிவிடலாம். உங்கள் அவசரத்தில் பாதி அங்கேயே கரைந்துவிடும்.

2016 வாக்கிலிருந்து இங்கே யூத் சாக்கரில் பிறந்த ஆண்டை வைத்து, ஜனவரி முதல் டிசம்பர் வரை என்றுதான் வயதுப் பிரிவு போட்டார்கள். அக்டோபரில் பிறந்த உங்கள் மகள், ஜனவரியில் பிறந்தவளைவிட ஒன்பது மாதம் சின்னவளாக அவளோடு மோதிக்கொண்டிருக்கிறாள். பத்து, பதினொரு வயதில் அந்த ஒன்பது மாதம் உயரத்திலும் ஓட்டத்திலும் நன்றாகவே தெரியும். கோச்சுகள் திறமையைத்தான் பார்க்கிறோம் என்று மனதார நம்புவார்கள், ஆனால் கண் என்னவோ பெரிய பிள்ளை பக்கம்தான் போகும். எத்தனையோ நாடுகளில், எத்தனையோ விளையாட்டுகளில் இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள்.

2026–27 சீசனிலிருந்து இது மாறுகிறது. யூத் சாக்கரை நடத்தும் யு.எஸ். யூத் சாக்கர், யு.எஸ். கிளப் சாக்கர், ஏ.ஒய்.எஸ்.ஓ. ஆகிய அமைப்புகள் மூன்றும் ஆகஸ்ட் 1 முதல் ஜூலை 31 வரை என்ற கணக்குக்குப் போகின்றன. ஒரே வகுப்பில் படிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே டீமில் ஆட வேண்டும் என்பது நோக்கம். இந்தக் கணக்கில் உங்கள் மகள் யு–13க்கு (13 வயதுக்குட்பட்டோர் பிரிவுக்கு) போகமாட்டாள், யு–12இலேயே இன்னொரு வருடம் இருப்பாள். அதுவும் கடைக்குட்டியாக இல்லை, மூத்தவர்களில் ஒருத்தியாக. ஈ.சி.என்.எல். லீக் ஆட்டமே யு–13இல்தான் தொடங்குகிறது. அந்த அப்பாவின் மகள் 2014இல் ஆகஸ்டுக்கு முன் பிறந்தவள் என்றால் அவளுக்கு இந்த வருடம்தான் முடிவெடுக்கும் வருடம். உங்கள் மகளுக்கு அப்படி இல்லை. கிளப்புகள் யு–12இலும் டீம் வைத்து முன்கூட்டியே பிள்ளைகளைச் சேர்க்கும், அது உண்மைதான். ஆனால் யு–13இல் ஒன்பது பேர் ஆட்டம் பதினொரு பேர் ஆட்டமாகும்போது எல்லா டீமுக்கும் புதிதாக ஆள் வேண்டும். அப்போது வாசல் திறக்கத்தான் செய்யும்.

சரி, அந்தத் "தெரியல"வுக்கு வருவோம். அதை "வேண்டாம்" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், "சரி" என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அவள் பார்த்தே இராத ஒன்றைப் பற்றி நாம் கேட்கிறோம், வேறென்ன சொல்வாள்? அந்தக் கிளப் கோச்சுக்கு ஒரு மெயில் போட்டு, ஒரு நாள் பயிற்சிக்கு வந்து ஆடிப் பார்க்கலாமா என்று கேளுங்கள். பெரும்பாலான கிளப்புகள் சம்மதிக்கும். சம்மதிக்காவிட்டால் அதையும் ஒரு தகவலாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செவ்வாய்க்கிழமை ஸ்கூல் முடிந்து வந்தவளை, காரில் தயிர்சாதம் சாப்பிட வைத்து, ஷின் கார்டு மாட்டவைத்து, டிராஃபிக்கில் 45 நிமிடம் ஓட்டிப் போய், திரும்ப ஒன்பது மணிக்கு வீடு வந்து பாருங்கள். பார்க்க வேண்டியது அன்று எத்தனை கோல் போட்டாள் என்பதை அல்ல. மறுநாள் தானாகவே பந்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போகிறாளா? அங்கே கற்றுக்கொடுத்த ஒன்றைச் செய்து பார்க்கிறாளா? போனால், அவள் பதில் சொல்லிவிட்டாள்.

இதை நான் தாமதமாகக் கற்றுக்கொண்டேன். என் மகன் பன்னிரண்டு வயதில் ஒரு பெரிய கிளப்பின் முதல் டீமில் கடைசி ஆளாகத் தேர்வானான். கோச்சாக இருக்கும் எனக்கே அன்று தலைகால் புரியவில்லை. அந்த இலையுதிர் சீசன் முழுக்க ஒரு ஆட்டத்துக்கு பத்து நிமிடம்தான் ஆடினான். டீ–ஷர்ட்டின் கழுத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். அடுத்த வசந்தத்தில், "அப்பா, ஷூ சின்னதாயிடுச்சு, புதுசு வாங்க வேணாம்" என்றான். அவ்வளவுதான், அதற்குப் பிறகு ஆடவில்லை. கீழே உள்ள டீமில் முழு ஆட்டமும் ஆடியிருந்தால் இன்றைக்கும் ஆடிக்கொண்டிருப்பான் என்று நினைக்கிறேன். அதனால்தான் எந்தப் பெற்றோர் வந்து கேட்டாலும், லீக் பெயரைவிட நிமிடங்களைப் பாருங்கள் என்கிறேன். இந்த வயதில் பந்து காலில் இருக்கும் நேரம்தான் பிள்ளையை வளர்க்கிறது.

அதையொட்டி, ஒரு இடம் கிடைத்தால் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை உண்டு. எந்த டீமுக்குக் கூப்பிடுகிறார்கள்? பல கிளப்புகளில் ஈ.சி.என்.எல். டீம் ஒன்றும், அதற்குக் கீழே ரீஜனல் லீக் டீம் ஒன்றும் இருக்கும். விளம்பரத்தில் முதலாவதைப் போட்டுவிட்டு இரண்டாவதில் சேர்ப்பது சாதாரணமாக நடக்கிறது. இரண்டாவது டீம் மோசம் என்று சொல்லவில்லை, உங்கள் மகளுக்கு அதுவே பொருத்தமாகக்கூட இருக்கலாம். ஆனால் எதற்குப் பணம் கட்டுகிறீர்கள் என்று தெரிந்து கட்டுங்கள். டீம் பட்டியலில் எத்தனை பேர், போன சீசனில் பாதி ஆட்டத்துக்குக் குறைவாக ஆடியவர்கள் எத்தனை பேர், அடுத்த வருடமும் இதே கோச் இருப்பாரா என்றும் கேளுங்கள். சில கிளப்புகள் ஆஃபர் மெயிலை அனுப்பி 24 மணி நேரத்தில் டெபாசிட் கட்டச் சொல்லும், கட்டினால் திரும்ப வராது. இன்னும் இரண்டு நாள் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். பிள்ளை உண்மையிலேயே வேண்டும் என்றால் காத்திருப்பார்கள்.

ஸ்காலர்ஷிப் பற்றி உங்கள் கணவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ.வின் மேல்மட்டமான டிவிஷன் ஒன்றில் பெண்கள் சாக்கர் டீம் ஒன்றுக்கு நெடுங்காலம் 14 முழு ஸ்காலர்ஷிப்தான் இருந்தது. அதையே பங்கு போட்டு இருபத்தைந்து, முப்பது பேருக்குக் கொடுத்தார்கள். 2025–26 முதல், என்.சி.ஏ.ஏ.வின் புதிய முறையில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த உச்சவரம்பு போய்விட்டது. அதற்குப் பதில் டீமில் 28 பேர்தான் இருக்கலாம் என்று வந்திருக்கிறது. பக்கத்தில் இருக்கும் பிரின்ஸ்டன் போன்ற ஐவி லீக் கல்லூரிகளிலும், டிவிஷன் மூன்றிலும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் என்பதே கிடையாது. இப்போது கிளப் கட்டணம், யூனிஃபார்ம், டோர்னமெண்ட்காரர்கள் சொல்லும் ஹோட்டலில்தான் தங்க வேண்டும் என்ற நிபந்தனை எல்லாம் சேர்ந்து ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர் ஆகும். ஏழு வருடம் அதைக் கட்டிவிட்டுத் திரும்ப வரும் என்று எதிர்பார்ப்பதைவிட, அந்தப் பணத்தைக் கல்லூரிச் சேமிப்பில் போடுவது மேல். அவள் ஆடுவது பிடித்திருப்பதற்காகக் கட்டுகிறோம் என்றால் தாராளமாகக் கட்டுங்கள்.

பரதத்தை நிறுத்தலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மூன்றாவது மாதம் அந்தப் பேச்சு வரும். நிறுத்தாதீர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016இல் வெளியிட்ட அறிக்கை, ஒரே விளையாட்டில் மட்டும் இறங்குவதை 15, 16 வயது வரை தள்ளிப்போடச் சொல்கிறது. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வும், வருடத்தில் ஒவ்வொரு மாதமாக மொத்தம் மூன்று மாதம் அந்த விளையாட்டிலிருந்து விடுப்பும் வேண்டும் என்கிறது. இதைத் தவிர நான் வற்புறுத்துவது முழங்காலை. வயதுக்கு வரும் பருவத்துக்குப் பிறகு பெண் பிள்ளைகளுக்கு முழங்கால் தசைநார் கிழியும் ஆபத்து ஆண் பிள்ளைகளைவிடப் பல மடங்கு அதிகம். ஃபிஃபா 11+ என்று ஒரு வார்ம்–அப் இருக்கிறது. இருபது நிமிடம்தான், காயங்களை நன்றாகவே குறைக்கிறது. பயிற்சிக்கு முன் அந்த மாதிரி ஏதாவது செய்கிறீர்களா என்று கோச்சிடம் கேளுங்கள். என்னவென்றே தெரியாமல் விழிக்கும் கோச்சிடம் நான் என் பெண்ணை விடமாட்டேன்.

ட்ரைஅவுட் நாளைப் பற்றிக் கொஞ்சம். பிள்ளைகளுக்கு நம்பர் போட்ட மேல்சட்டை கொடுத்து, சின்னச் சின்ன அணிகளாகப் பிரித்து ஆடவிட்டு, ஓரத்தில் இரண்டு மூன்று பேர் எழுதிக்கொண்டு நிற்பார்கள். நான் அங்கே நிற்கும்போது கோலை எண்ணுவதில்லை. பந்து வருவதற்கு முன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கிறாளா, பந்தை இழந்ததும் நிற்கிறாளா, துரத்துகிறாளா என்று பார்ப்பேன். போன வருடம் 34ஆம் நம்பர் பெண் ஒருத்தி நன்றாகவே ஆடினாள். ஆனால் வேலிப் பக்கமிருந்து அவள் அப்பா "ஷூட் பண்ணு! ஷூட் பண்ணு!" என்று தமிழில் கத்த, ஒவ்வொரு முறை பந்து வந்தபோதும் அவள் கண் முதலில் வேலிக்குத்தான் போனது. தயவுசெய்து காரிலேயே இருங்கள்.

என் யோசனை இதுதான்: இந்த வருடம் டவுன் டீமிலேயே, புது வயதுக் கணக்கில் மூத்தவளாக, நடு மைதானத்தில் முழு ஆட்டமும் ஆடட்டும். இலையுதிர் சீசனில் ஒன்றிரண்டு கிளப்பில் பயிற்சிக்குப் போய்ப் பாருங்கள். அவளே கேட்டால் 2027 வசந்தத்தில் யு–13 ட்ரைஅவுட்டுக்குப் போகட்டும். இதே நியூ ஜெர்சியில் டெல்ரான் ஊர்க்காரியான கார்லி லாய்ட், கல்லூரியில் இருக்கும்போதே அமெரிக்காவின் 21 வயதுக்குட்பட்டோர் டீமிலிருந்து நீக்கப்பட்டவர். 2015 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜப்பானுக்கு எதிராக முதல் 16 நிமிடத்தில் மூன்று கோல் போட்டார். பன்னிரண்டு வயதில் வாசல் மூடிவிடும் என்று யாராவது சொன்னால், அந்த ஆட்டத்தின் வீடியோவை மகளோடு உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள். மூன்றாவது கோல் நடுக்கோட்டிலிருந்து அடித்தது, அவளுக்குப் பிடிக்கும்.