வாசகர் வட்டத்தில் எழுதச் சொன்னால் ஆள் குறைகிறதே, என்ன செய்வது?

கேள்வி: நாங்கள் 14 பேர் சேர்ந்து இணையவழியில் ஒரு வாசகர் வட்டம் நடத்துகிறோம். பாதிப் பேர் கோவை, திருப்பூர். மீதிப் பேர் சிங்கப்பூர், டொராண்டோ. மாதம் ஒரு நாவல், கடைசி ஞாயிறு ஜூமில் கூட்டம். ஆறு மாதத்தில் கூட்டம் கதைச்சுருக்கம் சொல்வதாகவும் 'எனக்குப் பிடித்தது, பிடிக்கவில்லை' என்பதாகவும் சுருங்கிவிட்டது. பேச்சோடு எழுத்தும் சேரட்டுமே என்று 'நாவலை ஒட்டி ஒரு சிறுகதை எழுதி வாருங்கள்' என்றோம். அடுத்த கூட்டத்துக்கு வந்தது ஐந்து பேர், எழுதி வந்தது ஒருவர். எழுத்தை விட்டுவிடுவதா? எழுதியவற்றைத் தொகுத்துப் புத்தகமாகப் போடலாம் என்கிறார் ஒரு நண்பர். அதுவும் சரியா?

பதில்: எழுத்தை விட வேண்டாம், வீட்டுப்பாடத்தை விட்டுவிடுங்கள். 'சிறுகதை எழுதி வாருங்கள்' என்று வாட்ஸ்அப்பில் விழுந்த அன்றே பாதிப் பேருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஏதாவது கல்யாணம் வந்திருக்கும். படிக்க வந்தவர்களைக் கதாசிரியர் ஆகச் சொன்னால் அப்படித்தான். நீங்கள் கேட்க வேண்டியது ஐந்தாறு வரி. அதையும் கூட்டத்திலேயே, எல்லோரும் ஒரே நேரத்தில், பேச்சு தொடங்கும் முன்பே எழுத வேண்டும்.

பேச்சுக்கு முன் என்பதுதான் முக்கியம். பேசி முடித்துவிட்டுக் கடைசிப் பத்து நிமிடம் எழுதச் சொல்லும் வட்டங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்குள் நன்றாகப் பேசத் தெரிந்த இரண்டு பேர் கதைக்கு ஒரு பொருள் சொல்லி முடித்திருப்பார்கள். மற்றவர்கள் அதையே வேறு சொற்களில் எழுதுவார்கள். முதலில் எழுத வைத்தால், கூச்ச சுபாவம் உள்ளவருக்கும் பேச ஆரம்பிக்கும்போது கையில் தன்னுடையது என்று ஒரு காகிதம் இருக்கும்.

ஒரு கூட்டத்தை அப்படியே சொல்கிறேன். நான் உடனிருந்து நடத்திய வட்டம் ஒன்றில் புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' எடுத்தோம். 1934இல் மணிக்கொடி இதழில் வந்த கதை, சில பக்கங்கள்தான். அம்மாளு மில் கூலி. புருஷன் முருகேசன் ஜட்கா என்ற குதிரை வண்டி ஓட்டுகிறவன், அடிபட்டுக் கிடக்கிறான், பால் கஞ்சி கேட்கிறான். வீட்டில் காசில்லை. அவள் வெளியே போகிறாள். அவள்மேல் ஏற்கெனவே கண் வைத்திருந்த ஒருவனோடு சந்துக்குள் ஒதுங்குகிறாள். முக்கால் ரூபாய் கிடைக்கிறது. அதோடு ஆசிரியர் நம் பக்கம் திரும்பி, கற்பு பற்றி ஒரு குத்து குத்திவிட்டுக் கதையை முடித்துவிடுகிறார்.

இந்தக் கதையை வைத்து நேராகப் பேசச் சொன்னால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். அவள் செய்தது சரியா தப்பா என்று முக்கால் மணி நேரம் ஓடும். நாங்கள் கேட்டது ஒன்றுதான்: அம்மாளு வீட்டுக்கு வந்து கஞ்சி ஊற்றும் அந்தக் கால் மணி நேரம் கதையில் இல்லை. அதை ஆறு வரியில் எழுதுங்கள். யாரும் யாரையும் பாராட்டவோ திட்டவோ கூடாது, நடந்ததை மட்டும் எழுத வேண்டும். நேரம் ஏழு நிமிடம்.

எல்லோரும் கேமராவை அணைத்தார்கள். மியூட் செய்ய மறந்த யாரோ ஒருவர் வீட்டில் குக்கர் இரண்டு விசில் அடித்தது. வேறு சத்தமில்லை.

அப்புறம் வாசித்தோம். ஒருவர் எழுதியதில் முருகேசன் 'பால் ஏது?' என்று கேட்கிறான், அவள் 'கடன்' என்கிறாள். இன்னொருவர் அவனைக் கேட்கவே விடவில்லை. பாதி குடித்துவிட்டு மீதியை அவள் பக்கம் நகர்த்துகிறான், அவ்வளவுதான். பணி ஓய்வு பெற்ற ஒரு வங்கி ஊழியர் கணக்கு எழுதியிருந்தார்: பாலுக்கு இவ்வளவு, அரிசிக்கு இவ்வளவு, மிச்சத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள் என்று. அன்றைக்கு எழுதியதில் நல்லது அதுதான் என்பது என் கட்சி.

பேச்சு தானாகப் பிறந்தது. முருகேசனுக்குத் தெரியுமா தெரியாதா? தெரியும் என்று எழுதியவர்களிடம் 'கதையில் எந்த வரி உங்களை அப்படி எழுத வைத்தது?' என்று கேட்டோம். தேடினார்கள், அப்படி வரி ஏதும் இல்லை. அப்போதுதான் ஒருவர் கவனித்துச் சொன்னார்: ஆசிரியர் நம்மை அந்த வீட்டுக்குள் திரும்ப அழைத்துப் போகவே இல்லை, போயிருந்தால் கடைசி வரியை அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்க முடியாது. இந்த ஒரு கவனிப்புக்காகத்தான் எழுதவே வைப்பது. விட்ட இடத்தை நாமே நிரப்பிப் பார்க்கும்போதுதான் ஏன் விட்டார் என்று புரிகிறது.

எனவே கேள்வி தயாரிப்பதில்தான் உங்கள் உழைப்பு போக வேண்டும். கதை தாண்டிக் குதித்த நேரம், வாயே திறக்காத பாத்திரம், ஒருமுறை வந்துவிட்டுக் காணாமல் போன பொருள் என்று எதையாவது பிடியுங்கள். 'முடிவை மாற்றி எழுதுங்கள்' என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லோரையும் நல்லபடியாக வாழ வைத்துவிடுவார்கள். 'நீங்கள் அவள் இடத்தில் இருந்தால்?' என்பதும் ஆபத்து. அதற்கு வருவது உபதேசம்.

வாசிக்கும்போது இரண்டு கட்டுப்பாடு போதும். 'பாஸ்' என்று சொல்லிவிட்டு வாசிக்காமல் இருக்கலாம், காரணம் கேட்கக் கூடாது. எழுத்து நடையைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது, 'அருமை' உட்பட. முதல் ஆளுக்கு 'அருமை' கிடைத்து மூன்றாவது ஆளுக்குக் கிடைக்காவிட்டால், அந்த மூன்றாமவர் அடுத்த மாதம் வரமாட்டார். கேட்கலாம் என்றால் மேலே சொன்ன 'எந்த வரி?' என்ற கேள்வி ஒன்றுதான். தமிழில் தட்டச்சு செய்யத் தடுமாறுகிறவர்கள் தாளில் எழுதட்டும், அல்லது வாய்ஸ் நோட்டில் சொல்லட்டும்.

மாதம் ஒரு நாவல் என்பது வேலைக்குப் போகிறவர்களுக்குச் சுமை. ஒரு மாதம் சிறுகதை, ஒரு மாதம் நாவல் என்று மாற்றிப் பாருங்கள். நாவல் மாதத்திலும் கூட்டத்துக்கு என்று பத்துப் பக்கம் குறித்துக் கொடுத்துவிடுங்கள். முழுதும் முடிக்காதவர் அந்தப் பத்துப் பக்கத்தோடு வந்தால் போதும் என்று சொல்லுங்கள். முடிக்கவில்லை என்ற வெட்கத்தில்தான் பாதிப் பேர் வராமல் இருக்கிறார்கள், பெரும்பாலும் சொல்லமாட்டார்கள். கதைச்சுருக்கத் தொல்லைக்கும் வழி உண்டு: கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே ஒருவர் ஐந்து வரியில் வாட்ஸ்அப்பில் போட்டுவிடட்டும், கூட்டத்தில் கதை சொல்லத் தடை.

பிரதிக்கு அலைய வேண்டாம். புதுமைப்பித்தன் படைப்புகள் நாட்டுடைமை ஆனவை, அதாவது அரசு எல்லோருக்கும் பொதுவாக்கியவை. தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிவைக்கும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தளத்தில் அவர் கதைகளை இலவசமாகவே எடுக்கலாம். ஆனால் நம் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை காப்புரிமை உண்டு. இன்றைய எழுத்தாளரின் புத்தகத்தை பிடிஎஃப் ஆக்கிக் குழுவில் சுற்ற விடாதீர்கள். வாங்கச் சொல்லுங்கள்.

நேர விஷயம். இந்திய நேரம் ஞாயிறு மாலை 7.30 என்றால் சிங்கப்பூரில் இரவு 10, டொராண்டோவில் கோடையில் காலை 10, குளிர்காலத்தில் 9. அங்கே மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரம் மாறும். அந்த இரண்டு மாதமும் அவரவர் ஊர் நேரத்தை எழுதி நினைவூட்டாவிட்டால் யாராவது கூட்டம் முடிந்தபின் வந்து நிற்பார்கள். ஜூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும், கூகுள் மீட்டில் ஒரு மணி நேரம் கிடைக்கும். ஏழு நிமிடம் எழுத, இருபது நிமிடம் வாசிக்க, மீதி பேச என்றால் அந்த ஒரு மணி நேரம் தாராளம். 14 பேரும் வந்துவிட்டால் இரண்டு குழுவாகப் பிரிந்து, தனித்தனி இணைப்பில் வாசியுங்கள்.

கடைசியாக, புத்தகம். இப்போது வேண்டாம். அச்சில் வரும் என்று தெரிந்த நிமிடமே ஆட்கள் அழகாக எழுத ஆரம்பித்துவிடுவார்கள். முந்தானையில் காசு முடிந்த அந்த வரி அப்புறம் கிடைக்காது. கூட்டம் முடிந்ததும் தாளை அவரவரே வைத்துக்கொள்ளட்டும். ஒரு வருடம் கழித்தும் நண்பர் விடாப்பிடியாக நின்றால், 14 பேரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள், குழுவில் கேட்காதீர்கள். குழுவில் கேட்டால் எல்லோரும் சரி என்றுதான் சொல்வார்கள்.